இப்போ எவ்வளவு டென்ஷன், அத்தை?

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தார். புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் சாயங்காலம் இது வழக்கம்தான். பாட்டில் கடத்துகிறவன் எவனோ, பையைத் திறந்து காட்டுவது நாம். என் பையில் டிபன் பாக்ஸ், குடை, பில் புக் இரண்டு. அவர் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்த நேரம் பார்த்து என் போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தால் ஒரு கேள்வி: "இப்போது எவ்வளவு டென்ஷனாக இருக்கிறீர்கள்? 0 முதல் 10 வரை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போலீஸ்காரர் ஒரு மாதிரி பார்த்தார். 3 என்று போட்டுவிட்டுப் பையைத் திறந்து காட்டினேன்.

ஜூலை 7ஆம் தேதி திங்கட்கிழமை ஆரம்பித்தது இந்தக் கூத்து. என் அண்ணன் மகள் புதுச்சேரியில் சைக்காலஜி எம்.எஸ்ஸி. படிக்கிறாள். பிராஜக்டுக்கு 40 வயதைத் தாண்டிய, வேலைக்குப் போகிற பெண்கள் வேண்டுமாம். அத்தையை விட்டால் வேறு யார் சிக்குவார்கள்? மஞ்சக்குப்பத்திலிருந்து தினம் பஸ் ஏறிப் புதுச்சேரியில் ஒரு ஆட்டோ ஸ்பேர்பார்ட்ஸ் மொத்த வியாபாரக் கடையில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 46. இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டாள் என்று என் போனைப் பிடுங்கி அவளே ஆப்பை ஏற்றிவிட்டாள்.

ஏற்பாடு இதுதான். 14 நாள். காலை 8 மணிக்கும் இரவு 10 மணிக்கும் நடுவில் ஆறு தடவை போன் அடிக்கும். எப்போது அடிக்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடித்த 15 நிமிடத்துக்குள் பதில் போடாவிட்டால் கேள்வி மறைந்துவிடும். எங்கே இருக்கிறீர்கள், யாரோடு, என்ன செய்கிறீர்கள், மனம் அந்த வேலையில் இருக்கிறதா வேறெங்கோ இருக்கிறதா, டென்ஷன் எவ்வளவு. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். படுக்கப் போகும்முன் மட்டும் கூடுதலாக ஒன்று: இன்று மொத்தத்தில் எவ்வளவு டென்ஷன்?

"எதுக்குடி இத்தனை தொல்லை? ராத்திரி ஒரு தடவை கேட்டா மொத்தமா சொல்லிட்டுப் போறேன்."

"மொத்தமா கேட்டா நீங்க கதை சொல்லுவீங்க அத்தை. எனக்குக் கதை வேண்டாம், அந்த நேரத்துல என்னன்னு வேணும்."

கதை சொல்லுவேனாம். கோபம்தான் வந்தது. ஆனால் அவள் முதலில் நிரப்பச் சொன்ன படிவத்தைப் பார்த்ததும் அவள் சொன்னதில் நியாயம் இருப்பது தெரிந்தது. டென்ஷனை அளக்க 1983இல் ஷெல்டன் கோஹன் என்பவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கிய கேள்வித்தாள். உலகம் முழுக்க இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றாள். ஒவ்வொரு கேள்வியும் 'கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை' என்று தொடங்குகிறது. போன வாரம் வியாழக்கிழமை என்ன குழம்பு வைத்தேன் என்பதே எனக்கு நினைவில்லை. ஒரு மாதத்துக்கு எங்கே போவது? பேனாவை வைத்துக்கொண்டு, நான் பொதுவாக எப்படிப்பட்டவள் என்று நினைத்து எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

அதற்கும் முந்தையது ஒன்று உண்டாம். 1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு பேர் வாழ்க்கையில் வரும் 43 பெரிய மாற்றங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். கணவனோ மனைவியோ இறந்தால் 100. கல்யாணம் 50. மகனோ மகளோ வீட்டை விட்டுப் போனால் 29. கிறிஸ்துமஸுக்கு 12! தீபாவளிக்கு எவ்வளவு போட்டிருப்பார்கள் என்று எங்கள் வீட்டில் அரை மணி நேரம் விவாதம் நடந்தது. மாமியார் 40 என்றார். முறுக்கு சுடுவது நானாக இருக்க, 40 அவருக்கு எதற்கு என்று புரியவில்லை.

பிறகு 1981இல் வேறு சிலர், பெரிய இடி விழுவதைவிட அன்றாடச் சில்லறைத் தொல்லைதான் ஆளை அதிகம் அரிக்கிறது என்று 117 தொல்லைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பொருளை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவதுகூட அதில் உண்டு. இவர்கள் எனக்குக் கொஞ்சம் நெருக்கம்.

ஆளைப் பட்டியலுக்கு இழுக்காமல் கேள்வியை ஆள் இருக்கும் இடத்துக்கு அனுப்புகிற வேலையை சிகாகோவில் 1970களில் தொடங்கியிருக்கிறார்கள். சீக்சென்ட்மிஹாயி என்று ஒரு பேராசிரியர். பெயரை அண்ணன் மகள் மூன்று தடவை சொல்லிக் கொடுத்தும் எனக்கு வாயில் நுழையவில்லை. பள்ளிப் பிள்ளைகள் கையில் பேஜரையும் ஒரு சின்ன நோட்டையும் கொடுத்து அனுப்பினாராம். பேஜர் கத்தும்போது என்ன செய்கிறாய், எப்படி இருக்கிறாய் என்று எழுத வேண்டும். டாக்டர்கள் இடுப்பில் பேஜர் மாட்டியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது; என் மகளுக்கு அது என்னவென்றே தெரியாது. இப்போது பேஜர் வேலையையும் நோட்டு வேலையையும் போனே பார்த்துக்கொள்கிறது.

"எச்சிலை எடுத்துப் பாத்தா டென்ஷன் தெரியும்னு படிச்சேனே?" என்று கேட்டேன். கார்ட்டிசால் என்ற ஹார்மோனை எச்சிலில் அளக்கலாம்தான். ஆனால் கோபம் வந்து இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் அது ஏறித் தெரியுமாம். காலையில் எழுந்து அரை முக்கால் மணி நேரத்தில், காரணமே இல்லாவிட்டாலும், தானாகவே உச்சத்துக்குப் போகுமாம். கைக்கடிகாரம் இதயத் துடிப்பைச் சொல்லும். மாடிப்படி ஏறினேனா, முதலாளி கத்தினாரா என்று சொல்லாது. நல்லவேளை, பஸ்ஸில் குப்பியில் துப்பச் சொல்லாமல் விட்டாள்.

முதல் நாளே ஒரு குளறுபடி. ஆப்பில் அவள் 'மன அழுத்தம்' என்று போட்டிருந்தாள். ஆறு தடவையும் நான் 0 போட்டேன். இரவு போன் செய்தாள்.

"என்ன அத்தை, ஞானி ஆயிட்டீங்களா?"

"எனக்கெதுக்குடி மன அழுத்தம்? அது வியாதி இல்ல? மாத்திரை சாப்பிடறவங்களுக்கு வர்றது."

பத்திரிகைகளில் மனச்சோர்வுக்கும் 'மன அழுத்தம்' என்றுதான் எழுதுகிறார்கள், அவசரத்துக்கும் அதையேதான் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் 'அவ ரொம்ப அழுத்தம்' என்றால் வாயைத் திறக்காத ஆள் என்று பொருள். மீதி அழுத்தமெல்லாம் வங்கக் கடலில்தான், காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக. கடலூரில் ஐப்பசி பிறந்துவிட்டால் டிவியில் அந்த அழுத்தத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. 'டென்ஷன்' என்று மாற்று, அதுதான் எல்லாருக்கும் புரிகிற தமிழ் என்றேன். மற்ற பெண்களிடமும் கேட்டுப் பார்த்துவிட்டு மாற்றினாள். எனக்கு அந்த முதல் நாளை மட்டும் கேள்வி மாறியதற்கு அடையாளமாகத் தனியே குறித்துக்கொண்டாள். அறிக்கையில் என் பெயரைப் போட வேண்டும் என்று கேட்டேன். பெயர் போடக் கூடாது என்பதுதான் விதியாம்.

11ஆம் தேதி வெள்ளிக்கிழமை. போன மாத விற்பனைக் கணக்கை அரசுக்குக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவம் போடக் கடைசி நாள். என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மாதத்தில் அந்த நாள் என் பக்கத்தில் வரக் கூடாது என்று. எங்கள் கடைச் சரக்கில் பாதியைக் கடலூர், பண்ருட்டி ஷெட்டுகளுக்கு அனுப்புகிறோம். கடலூர் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஜி.எஸ்.டி.யில் புதுச்சேரிக்கு மாநில எண் 34, தமிழ்நாட்டுக்கு 33. எல்லை தாண்டி அனுப்பினால் ஐ.ஜி.எஸ்.டி. கவுண்டர் பையன் பழக்கதோஷத்தில் உள்ளூர் பில் மாதிரி சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பிரித்துப் போட்டுவிடுவான். மாதம் பத்துப் பதினைந்து பில் இப்படி மாட்டும். அத்தனையையும் நோண்டி எடுத்துத் திருத்த வேண்டும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கம்ப்யூட்டர் வேறு பத்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டது.

அன்று இரவு 'மொத்தத்தில்' என்ற கேள்விக்கு 8 போட்டேன். அதிலென்ன சந்தேகம்?

பிறகு அவள் காட்டினாள். அன்றைய ஆறு பதில்கள்: 4, 3, 5, 4, 2, 3. ஒன்றுகூட 5ஐத் தாண்டவில்லை.

இதற்கு அவளிடம் விளக்கம் தயாராக இருந்தது. நோபல் பரிசு வாங்கிய டேனியல் கானமன் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையின்போது நோயாளிகளிடம் வலியை நிமிடத்துக்கு நிமிடம் கேட்டுக் குறித்தவர். பின்னால் அவர்கள் நினைவில் வைத்துக்கொண்டது எவ்வளவு நேரம் வலித்தது என்பதை அல்ல. உச்சத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்பதைத்தான். அந்தப் பத்து நிமிடக் கம்ப்யூட்டர்தான் என் நாளையே சாப்பிட்டுவிட்டது என்றாள். இருக்கலாம். ஆனால் அவளிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். தப்பான பில்லைத் தேடிப் பிடிப்பதில் ஒரு ருசி இருக்கிறது. வீட்டில் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நுழைவேன். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் யாரும் என்னைத் தோசை சுடச் சொல்வதில்லை. 8 என்பது வீட்டுக்காகப் போட்ட எண். பழகிப்போய் ஆப்பிலும் போட்டுவிட்டேன்.

கதை சொல்லுவேன் என்று அவள் சொன்னது இதைத்தான் போல.

இரண்டாவது வாரம் புதன்கிழமை கடையில் சரக்கு எண்ணினார்கள். கணக்குக்கும் ராக்கில் இருப்பதற்கும் 18,600 ரூபாய் இடித்தது. முதலாளி கவுண்டர் பையன்கள் நால்வர் முன்னால், "கணக்கு எழுதறவங்களுக்குத் தெரியாம எப்படிப் போகும்?" என்று கேட்டார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். 19 வருடம். எனக்குக் காது அடைத்துவிட்டது. காலை பதினொன்றரைக்கு மேல் ஒரு தடவை போன் அடித்தது, மதியம் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. மூன்றும் காதில் விழுந்தன. மூன்றாவது தடவை பைக்குள் கையை விட்டு வாயை அடைத்தேன். போனின் வாயைத்தான்.

நான்கு மணிக்குக் கண்டுபிடித்தேன். பண்ருட்டியிலிருந்து திரும்பி வந்த சரக்கு. கிரெடிட் நோட் போட்டாயிற்று, கம்ப்யூட்டர் கணக்கில், டேலியில், ஏற்றியாயிற்று, மூட்டை மட்டும் பிரிக்கப்படாமல் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை.

14 நாளும் முடிந்த பிறகு அண்ணன் மகள் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தாள். 84 தடவை அடித்ததில் 61க்குப் பதில் போட்டிருந்தேன், 23 காலி. நல்ல கணக்குதான் என்று தட்டிக் கொடுத்தாள். புதன்கிழமையைக் காட்டினாள். காலையில் 2. பிறகு மூன்று கட்டம் காலி. அப்புறம் 3, 2. சராசரி 2.3.

"அந்த முதல் நாளை விட்டுட்டா, இதுதான் அத்தை உங்களுக்கு ரொம்ப அமைதியான நாள்."

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"சரி விடு, இப்ப போட்டுடு. 9, 9, 10."

"அதெல்லாம் முடியாது அத்தை."

2002இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். தீராத வலியுள்ள 80 பேரை வைத்து அமெரிக்காவில் செய்தது. ஒரு பாதிப் பேருக்குக் காகித டைரி. தினம் மூன்று வேளை குறித்த நேரத்தில் எழுத வேண்டும். டைரியின் அட்டைக்குள் வெளிச்சம் பட்டால் உணரும் ஒரு சில்லை ஒளித்து வைத்திருந்தார்கள். எப்போது திறந்தார்கள், எப்போது மூடினார்கள் என்பது அதில் பதிந்துவிடும். 90 சதவீதம் சரியான நேரத்தில் எழுதியதாக டைரி சொன்னது. சில்லு சொன்னது 11 சதவீதம். பல நாட்கள் டைரியைத் திறக்கவே இல்லை. அந்த நாட்களுக்கும் பக்கம் நிரம்பியிருந்தது. நேரத்துக்குக் கத்துகிற மின்னணு டைரி வைத்திருந்த மறுபாதிப் பேர் 94 சதவீதம் எழுதியிருந்தார்கள்.

எனக்கு ரெக்கார்ட் நோட்டு நினைவுக்கு வந்தது. பிளஸ் டூவில் பிராக்டிகலுக்கு முதல் நாள் ராத்திரி, மூன்று விதப் பேனாவில், வெவ்வேறு தேதி போட்டு உட்கார்ந்து எழுதியது. அந்தச் சில்லை அன்று எங்கள் நோட்டில் வைத்திருந்தால் ஊரே பெயிலாகியிருக்கும்.

ஆனால் காலிக் கட்டம் விஷயத்தில் அவளை நான் விடவில்லை. கடலூர்க்காரிக்கு இது புதிதல்ல. புயல் வருகிறதென்றால் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். 1ஆம் எண் என்றால் எங்கோ தூரத்தில் இருக்கிறது. எண் ஏற ஏற அபாயம். 8, 9, 10 எல்லாம் பெரிய அபாயம். எல்லாரும் 10தான் கடைசி என்று நினைக்கிறார்கள். 11 என்று ஒன்று இருக்கிறது. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது, எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்று அதற்கு அர்த்தம். துறைமுகத்தில் வேலை பார்த்த என் மாமனார் சொல்லித் தெரியும். "உன் கோடு 10லயே நின்னு போச்சுடி. 11ஆவது கூண்டு இல்லாம என்ன ஆராய்ச்சி?" என்றேன். சிரித்தாள். ஆனாலும் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். காலிக் கட்டங்கள் எந்த நேரத்தில், எந்த நாளில் விழுகின்றன என்று இப்போது தனியாகப் பார்க்கிறாளாம்.

போகும்போதுதான் கடைசிப் படத்தைக் காட்டினாள். 14 நாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கடிகாரப்படி அடுக்கியது. காலையில் தாழ்வாக ஓடுகிறது. மதியம் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஆறேகாலுக்குள் விழுந்த புள்ளிகள் மட்டும் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தன. 6, 7, 6, 8, 7. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபோதும் 6. ஏழு மணி வாக்கில் பார்த்தால் எல்லாம் 2, 3.

"அந்த நேரத்துல என்ன அத்தை நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல."

உண்மையில் ஒன்றும் நடப்பதில்லை. கடையிலிருந்து இறங்கி நடக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். நெரிசல் என்று சொல்லலாம் என்றால், அதே நெரிசலில் ஆல்பேட்டையில் 3 போட்டிருக்கிறேன். 'யாரோடு' என்ற கேள்விக்குத் தனியாக. 'மனம்' என்ற கேள்விக்கு எல்லாப் புள்ளியிலும் வேறெங்கோ. 2010இல் இதே மாதிரி போனில் 2,250 பேரைக் கேட்டதில் பாதி நேரம், சரியாகச் சொன்னால் 46.9 சதவீதம், மனம் செய்கிற வேலையில் இல்லை என்று தெரிந்ததாம். அப்படி அலையும்போது ஆட்களுக்குச் சந்தோஷமும் குறைவாம். சரி, அலையட்டும். ஆனால் என் மனம் தினம் ஒரே நேரத்தில் எங்கே போகிறது?

இரண்டு நாள் கழித்து அரியாங்குப்பம் தாண்டும்போது பிடிபட்டது. கையில் போன் இருந்தது. அம்மாவைக் கூப்பிட எடுத்திருந்தேன்.

அம்மா நெல்லிக்குப்பத்தில் தனியாக இருக்கிறாள். கோயிலுக்குப் போய்வந்து விளக்கேற்றிவிட்டு, ஆறேகால் மணிக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் பஸ்ஸிலிருந்து கூப்பிடுவேன். இரண்டு நிமிடம். இத்தனை வருடமாக அதை நான் ஓய்வு என்றுதான் நினைத்திருந்தேன்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து பெண்ணையாறு பெருக்கெடுத்து வந்தது. அந்தச் சாயங்காலம் ஆறேகாலுக்கு அம்மா எடுக்கவில்லை. ஏழுக்கும் எடுக்கவில்லை. அப்புறம் மணியே போகவில்லை, ஏதோ அறிவிப்பு மட்டும் திரும்பத் திரும்ப. எங்கள் தெருவிலும் முழங்கால் தண்ணீர், கிளம்பிப் போகவும் வழியில்லை. ஒன்றரை நாள். கடைசியில் எதிர்வீட்டுப் பையன் போனிலிருந்து அவளே பேசினாள். அவர்கள் வீட்டு மாடியில்தான் இருந்திருக்கிறாள், போனில் சார்ஜ் இல்லை, கரண்டும் இல்லை. "நல்லா இட்லி குடுத்தாங்க" என்றாள்.

அதைப் பற்றி அப்புறம் நான் நினைத்ததுகூட இல்லை என்றுதான் சத்தியம் செய்திருப்பேன். ஆனால் அம்மா 'ஹலோ' சொல்லும்வரை தினமும் உடம்பு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? ஆராய்ச்சியா, எனக்கென்ன கேடு என்பாள். காலையிலேயே பேசிவிடலாமா, சாயங்காலம் பஸ்ஸில் சத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"நீ எதுக்குக் காசை விடற? நானே பண்றேன். எனக்கு ஃப்ரீதான்."

இப்போது அவள்தான் கூப்பிடுகிறாள். நேரம் காலம் கிடையாது. ஒரு நாள் காலை பத்து மணி, ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்காரும்போது. நேற்று மூன்றரை மணிக்கு, முதலாளி எதிரில் நின்று ஏதோ பில் கேட்டுக்கொண்டிருந்தபோது அடித்தது. எடுத்தேன்.

"எங்க இருக்க?"

"கடையிலம்மா."

"யாரு கூட?"

"ஓனர் நிக்கிறாரு."

"என்ன பண்ணிட்டிருக்க?"

சொன்னேன். சரி, வை என்றாள்.